ஒன்று அவர்களுடையது

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தம் ஏழு வருடங்களாக மேற்கு மாசசூசெட்ஸில் இருக்கிறேன். இங்கே கான்ட்ரா என்றொரு நடனம். எதிரெதிராக இரண்டு நீள வரிசைகளில் நின்று ஆடுவார்கள். அடுத்து என்ன ஆடவேண்டும் என்று மேடையில் ஒருவர் மைக்கில் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தக் ‘காலர்’ வேலையை இப்போது கற்கிறேன். மாதம் ஒருமுறை பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் பழகுகிறோம். அவ்வளவு அன்பான குழு, நான் சொதப்பினாலும் கைதட்டுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு எட்டுத் தாள அடியின் முதல் அடியிலும் துல்லியமாகச் சொல்லியும் ஆடுபவர்கள் பிந்துகிறார்கள். என் உச்சரிப்பா காரணம்? ஆண், பெண் என்று அழைப்பதா, லார்க், ராபின் என்றா? நாற்பத்தாறு வயதில் இது எனக்குத் தேவையா?

சுமதி

அன்புள்ள சுமதி,

உச்சரிப்பை விடுங்கள். லார்க் என்றால் ஜோடியில் இடப்பக்கம் நிற்பவர், ராபின் என்றால் வலப்பக்கம் நிற்பவர். உங்கள் மண்டபத்தில் எது வழக்கமோ அதைச் சொல்லுங்கள். வயதையும் விடுங்கள்.

முதல் அடியில் துல்லியமாகச் சொல்கிறேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் தப்பு. ஒன்று என்பது ஆடுபவரின் காலுக்கு உரியது. உங்கள் சொல் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். மெட்டின் ஒரு சுற்று 64 அடி, சுமார் அரை நிமிடம். பெரும்பாலான அசைவுகள் எட்டு அடி, சில பதினாறு. நடக்கிற அசைவின் கடைசி நான்கு அடிக்குள் அடுத்ததைச் சொல்லிவிட வேண்டும். கண் இங்கே, நாக்கு அங்கே. நீங்கள் ஒன்றில் சொன்னால் அவர்கள் மூன்றில் ஆடுவார்கள். வேறென்ன செய்வார்கள்?

இன்னொன்று. தேர்ந்த காலர்கள் பெரும்பாலும் யார் என்பதை முதலிலும் என்ன என்பதைக் கடைசியிலும் வைப்பார்கள். ‘பார்ட்னர்’ என்றதும் தலை திரும்புகிறது, ‘ஸ்விங்’ (ஜோடியாகச் சுழல்வது) என்றதும் கால் எழுகிறது. ஆங்கிலத்துக்கு இது கொஞ்சம் தலைகீழ். நமக்கோ வீட்டு வாக்கியம்: ஆளைச் சொல்லி, வினையில் முடிப்பது. பிறந்ததிலிருந்து அப்படிப் பேசிய நீங்கள் மைக்கைப் பிடித்ததும் பள்ளிக்கூட ஆங்கிலத்துக்கு ஓடிவிடுகிறீர்கள் என்று சந்தேகிக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த வாரம் பழைய நாட்குறிப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நியூ ஹாம்ப்ஷயரில் நண்பர் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்த நாட்கள். அலமாரியில் ‘நார்தர்ன் ஜங்கெட்’ இதழ்கள் அடுக்கியிருந்தன. அந்த ஊர்ப்பக்கத்துக் காலரான ரால்ஃப் பேஜ் 1949 முதல் 1984 வரை நடத்திய பத்திரிகை. நடனக் குறிப்புகளோடு சமையல் குறிப்பும் இருக்கும்! ஒரு சனிக்கிழமை இரவு, விவசாயிகள் சங்கம் கட்டிய பழைய மர மண்டபம் ஒன்றுக்கு நண்பர் கூட்டிப்போனார். பிடிலும் பியானோவும். என் ஜோடி எழுபது வயதிருக்கும் பாட்டி. தோளைத் தொட்டே என்னைத் திருப்பினார்.

அன்று ஒரு சின்னப் பெண்ணுக்கு ஒரே ஒரு நடனம் சொல்ல வாய்ப்பு. நான்காவது சுற்றில் இடம் தவறிவிட்டது. கையில் நடனக் குறிப்பு எழுதிய கார்டு, வாய் திறந்தபடி நிற்கிறாள். கீழே யாரும் நிற்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் எதிர்ஜோடி மாறுமே தவிர அசைவுகள் மாறாது. அதற்குள் அது உடம்பில் ஏறிவிட்டது. அவள் நல்லவேளையாகத் தடுமாறிப் பேசாமல் கார்டை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் இசையும் காலடிச் சத்தமும்தான். தேர்ந்த காலரும் சில சுற்றுகளில் சொற்களைக் குறைத்து வாயை மூடிக்கொள்வார் என்று பாட்டி பிற்பாடு சொன்னார். அந்தப் பெண் அந்த மௌனத்துக்குத் தவறுதலாக வந்து சேர்ந்தாள்.

ஆனால் அதுபோன்ற பாட்டிகளும் தாத்தாக்களும்தான் உங்கள் ஆபத்து. உங்கள் குழு எவ்வளவு அன்பானது என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் அனுபவசாலிகள் நீங்கள் தப்பாகச் சொன்னதைச் சரியாகவே ஆடிவிடுவார்கள். அவர்களே பிந்துகிறார்கள் என்றால் நீங்கள் எவ்வளவு தாமதம் என்று யோசியுங்கள். புதிதாக வந்தவன் என்ன ஆவான்? அந்தப் பாட்டி இல்லாவிட்டால் நான் அன்று சுவரில் மோதியிருப்பேன்.

அடுத்த முறை பழகும்போது ஒருவரிடம் சொல்லிவையுங்கள்: ‘உங்களுக்கு எதுவும் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள், காதில் விழுந்ததை, விழுந்த நேரத்தில் மட்டும் ஆட வேண்டும்.’ யாரிடம் என்றா? இருப்பவர்களிலேயே பலமாகக் கைதட்டுகிறவரிடம்.