பினாங்குக்கு ஆடிப்பட்டம் கார்த்திகையில்தான்

கேள்வி: ஆயர் ஈத்தாமில் இரண்டு மாடி டெரஸ் வீடு. முன்னால் 4 மீட்டருக்கு 5 மீட்டர் மண் தரை இருக்கிறது. போன வருடம் மாமியார் சொன்னபடி ஆடியில் கத்தரி, தக்காளி, வெண்டை போட்டேன். வெண்டை மழையில் அழுகியது. கத்தரியும் தக்காளியும் நன்றாகப் பூத்தன, ஆனால் இலை பச்சையாக இருக்கும்போதே துவண்டு ஒரே வாரத்தில் செத்துப்போயின. வரும் ஆடியில் என்ன மாற்றிச் செய்யலாம்?

பதில்: மாதத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது தமிழ்நாட்டு மழையைப் பார்த்துச் சொன்ன பழமொழி. பினாங்கில் ஆடியில் செடி வைத்தால், அது பூவும் பிஞ்சுமாக நிற்கும்போது செப்டம்பர், அக்டோபர் வந்துவிடும். வருடத்திலேயே இங்கே மழை அதிகம் கொட்டுவது அப்போதுதான். மாமியார் சொன்னதில் தப்பில்லை, ஊர்தான் வேறு.

நமக்கு வருடம் முழுக்கப் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். குளிர்காலமும் கிடையாது. அதனால் பட்டத்தை முடிவு செய்வது மழைதான். டிசம்பரில் மழை குறைந்து ஜனவரி, பிப்ரவரியில் நன்றாகக் காயும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறியவர்களுக்கு அந்த வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் காய்கறி அந்த வெயிலில் காய்க்க வேண்டும். கார்த்திகை பிறந்ததும், அதாவது நவம்பர் நடுவில், கூரைக்கு அடியில் கத்தரி, மிளகாய் விதையைத் தட்டில் போடுங்கள். நான்கைந்து வாரத்தில் நாற்று நடவுக்குத் தயாராகிவிடும். வெண்டையையும் காச்சாங் பாஞ்சாங் என்னும் நீளப் பயற்றையும் டிசம்பர் நடுவில் நேராக மண்ணில் ஊன்றலாம். 45, 50 நாளில் பறிக்கத் தொடங்கலாம். கத்தரிக்கு நட்ட பிறகு இரண்டு மாதமாவது பொறுக்க வேண்டும்.

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே மார்ச்-ஏப்ரலில் ஒரு முறையும் அக்டோபர்-நவம்பரில் ஒரு முறையுமாக மழை இரண்டு தடவை உச்சத்துக்குப் போகும்.

சரி, துவண்டு செத்த செடிகளுக்கு வருவோம். இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே தொங்கியது என்றால், என் சந்தேகம் பாக்டீரியா வாடல் நோய் மேல். உறுதி செய்வது சுலபம். அடுத்த முறை ஒரு செடி அப்படித் துவண்டால் தண்டின் அடியில் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி எடுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டிய முனை மட்டும் நீரில் படும்படி அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். சில நிமிடத்தில் அந்த முனையிலிருந்து பால் போன்ற வெள்ளை இழை கீழே இறங்கினால் அதே நோய்தான். அதற்கு வீட்டில் அடிக்கக்கூடிய மருந்து எதுவும் கிடையாது. கிருமி மண்ணிலேயே பல வருடம் கிடக்கும். அந்த இடத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் இனி வைக்காதீர்கள், மூன்றும் ஒரே குடும்பம். வெண்டை, பயறு, கீரை வைக்கலாம்.

கத்தரி இல்லாமல் முடியாது என்றால் புது மண் நிரப்பிய பாலி பேக்கில், அதாவது செடி வளர்க்கும் பிளாஸ்டிக் பையில், வையுங்கள். பையைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் வேர் அடி ஓட்டை வழியாக இறங்கிப் பழைய மண்ணைத் தொட்டுவிடும். சுண்டைச் செடியின் அடித்தண்டில் ஒட்டுக்கட்டிய கத்தரி இந்த நோயை நன்றாகத் தாங்கும், கிடைத்தால் விடாதீர்கள்.

தக்காளியை மறந்துவிடுங்கள் என்பேன். இரவு வெப்பம் 21 டிகிரியைத் தாண்டினாலே பெரிய தக்காளி காய் பிடிப்பது குறைந்துவிடும், நம் இரவுகளோ 24 டிகிரியை ஒட்டியே நிற்கின்றன. கேமரன் மலைக்காரர்கள் விளைவிக்கட்டும், நாம் வாங்கிக்கொள்வோம். ஆசை அடங்கவில்லை என்றால் செர்ரி தக்காளி ஒன்றிரண்டு, அதுவும் பையில்.

வீட்டு வாசல் எந்தத் திசை என்று நீங்கள் எழுதவில்லை. பலர் கவனிக்காத விஷயம் இது. டிசம்பரில் சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்து போகும். உச்சிப்பொழுதில், நம் கடிகாரத்தில் மதியம் 1.15 வாக்கில், 7 மீட்டர் உயர வீட்டின் நிழல் வடக்கே கிட்டத்தட்ட 4 மீட்டர் விழும். வடக்கு பார்த்த வாசல் என்றால், ஜூலையில் வெயில் அடிக்கும் அதே மண் தரையில் பெரும்பகுதி ஜனவரியில் நிழலுக்குள் போய்விடும். அப்படியானால் முன்னால் கீரையோடு நிறுத்திக்கொண்டு, காய்ச்செடிப் பைகளை வேலியோரமாகவோ பின்பக்கமாகவோ நகர்த்துங்கள். காய்க்கும் செடிக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும், கீரைக்கு நான்கு போதும். தெற்கு பார்த்த வாசல் என்றால் யோகம்தான்.

மண்ணைப் பொறுத்தவரை, இங்குள்ள செம்மண் பெரும்பாலும் புளிப்பு. நடுவதற்கு மூன்று வாரம் முன்பே சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிராம் டோலோமைட் சுண்ணாம்பு தூவிக் கொத்திவிடுங்கள். மக்கிய ஆட்டுப்புழுக்கையை அதோடு சேர்த்துப் போடாமல் இரண்டு வாரம் கழித்துப் போடுங்கள். சேர்த்தால் தழைச்சத்து ஆவியாகிப் போகும். பாத்தியை ஒரு சாண் உயர்த்தினால் திடீர் மழைக்கும் தாங்கும்.

அதுவரை, அதாவது ஆடியிலிருந்து ஐப்பசி வரை, சும்மா இருக்க வேண்டாம். கங்கோங் (நீரோரம் வளரும் கீரை), கொடிப்பசலை, வல்லாரை மூன்றும் மழைக்கு அஞ்சாதவை. தண்டுக்கீரை விதை பொடியாக இருப்பதால் மழை அடித்துக்கொண்டு போய்விடும். தெளித்த இடத்துக்கு மேலே மட்டும் பிளாஸ்டிக் கூரை போட்டால் நான்கு வாரத்தில் பிடுங்கிச் சமைக்கலாம்.

அப்புறம், தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளை எடுத்துவிடுங்கள். அவற்றில் தேங்கும் நீரில், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். சுகாதார அதிகாரிகள் வந்து கொசுப்புழுவைப் பார்த்தால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அபராதம் உங்களுக்குத்தான். தட்டு இல்லாமல் தரை நனைகிறது என்றால் தட்டில் மணலை நிரப்பி, அதன் மேல் தொட்டியை வையுங்கள்.