அடைகாத்தல் வேறு, குஞ்சு பொரித்தல் வேறு

கேள்வி: ‘இன்குபேட்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு என் கையிலுள்ள அகராதி ‘குஞ்சு பொரி’ என்று பொருள் தருகிறது. அதே சொல் நோய்க்கும், குறைமாதக் குழந்தையை வைக்கும் பெட்டிக்கும், புதுத்தொழில் மையங்களுக்கும் எப்படிப் பொருந்தியது?

பதில்: உங்கள் அகராதி வேலையை விட்டுவிட்டு விளைவைச் சொல்லியிருக்கிறது, குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. குஞ்சு ஓட்டை உடைத்து வெளிவருவதற்கு ஆங்கிலத்தில் ‘ஹேட்ச்’ என்ற தனிச்சொல் உண்டு. ‘இன்குபேட்’ என்பதோ அதற்கு முந்தைய வேலை, அதாவது அடைகாத்தல்.

அது லத்தீனிலிருந்து 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல். ‘இன்’ என்றால் மேல், ‘குபாரே’ என்றால் படுத்தல். ஆகவே ஒன்றின் மேல் படுத்திருத்தல் என்பதே மூலப்பொருள். இன்று அலுவலகத் தடுப்பறையைக் குறிக்கும் ‘க்யூபிக்கிள்’ இதே வேரில் பிறந்து, முதலில் படுக்கையறையைக் குறித்தது. பண்டைய கிரேக்கத்தில், எபிடாரஸ் நகரிலிருந்த அஸ்க்ளேபியஸ் கோயிலில், கனவில் கடவுள் வந்து குணமாக்குவார் என்று நம்பி நோயாளிகள் இரவு படுத்துறங்கிய வழக்கத்தையும் வரலாற்றாசிரியர்கள் ‘இன்குபேஷன்’ என்றே குறிக்கிறார்கள். அங்கே முட்டையும் இல்லை, குஞ்சும் இல்லை. படுத்திருத்தல் மட்டுமே உண்டு.

நம் மொழியும் இதையே கண்டிருக்கிறது என்பதுதான் எனக்குப் பெருமகிழ்ச்சி தருவது. ‘அடைகிடத்தல்’ என்ற சொல்லில் உள்ள ‘கிடத்தல்’ அதே படுத்திருத்தல்தான். அடைக்கோழியைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு இது புரியும்: நெஞ்சுப் பக்கத்து இறகு உதிர்ந்த வெறுந்தோல் முட்டைகளில் படுமாறு அமுங்கிக் கிடக்கும், அவ்வப்போது அலகால் முட்டைகளைப் புரட்டிவிடும், தீனிக்குச் சிறிது நேரம் எழுந்துபோய், சூடு ஆறுவதற்குள் திரும்பிவிடும். இப்படி ஏறத்தாழ 21 நாள்.

பிற பொருள்கள் இந்தக் கிடையிலிருந்து கிளைத்தவையே. நோய்க்கிருமி உடலுக்குள் புகுந்தபின் அறிகுறி காட்டாமல் பெருகும் நாள்கள் அதன் அடைகாலம். சின்னம்மைக்கு அது 10 முதல் 21 நாள். பாரிஸ் மகப்பேறு மருத்துவர் ஸ்தெஃபான் தார்னியே, உயிர்க்காட்சிச் சாலையில் கோழிக்குஞ்சு பொரிக்க வைத்திருந்த வெப்பப் பெட்டியைப் பார்த்துத்தான், 1880-களின் தொடக்கத்தில் குறைமாதக் குழந்தைகளுக்கு அத்தகைய பெட்டியைச் செய்வித்தார். தொழில் மையத்துக்கு இப்பெயர் வந்ததிலும் கோழி இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் பட்டேவியா ஊரில், மூடப்பட்ட பெரிய ஆலைக் கட்டடத்தை 1959-இல் ஜோசப் மன்கூசோ பல சிறுதொழில்களுக்குப் பிரித்து வாடகைக்கு விட்டார். குடிவந்தவற்றில் கோழிக்குஞ்சு நிறுவனம் ஒன்றும் இருந்ததால், அவர் அந்த இடத்தையே ‘இன்குபேட்டர்’ என்று அழைக்கத் தொடங்கினார்.

இவை எதிலும் ‘குஞ்சு பொரி’ என்று போட்டுப் பாருங்கள், பொருந்தாது. ‘அடைகா’ என்பது எல்லாவற்றிலும் பொருந்தும். அரசு அறிவிப்புகளில் வரும் ‘தொழில் வளர்காப்பகம்’ என்ற சொல்லை நான் வரவேற்பதும் அதிலுள்ள ‘காப்பு’க்காகத்தான்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் ‘குஞ்சு பொறி’ என்று எழுதியிருந்தீர்கள், அச்சில் திருத்தியிருக்கிறேன். கல்லில் எழுத்தைப் பொறிப்பதற்குத்தான் வல்லின ‘ற’. குஞ்சு பொரிப்பதற்கு இடையின ‘ர’.