குட்டிப் பால் பைதான் இரையைத் தொட மறுத்தால்

கேள்வி: பால் பைதான் (ball python, பந்துபோல் சுருளும் சிறிய மலைப்பாம்பு) குட்டி வாங்கி மூன்று வாரம் ஆகிறது. எடை 85 கிராம். ஃப்ரீசரில் வைத்த பிங்கியை (ரோமம் முளைக்காத சுண்டெலிக் குட்டி) இளக்கி தினமும் நீட்டுகிறேன், தலையைத் திருப்பிக்கொள்கிறது. கோழிக்கறி, முட்டை, வீட்டில் பிடிபடும் எலி இவற்றில் ஏதாவது கொடுக்கலாமா?

மூன்றுமே வேண்டாம். பாம்புக்குத் தேவையான கால்சியம் இரையின் எலும்பில் இருக்கிறது, வைட்டமின் ஏ ஈரலில் இருக்கிறது. வெறும் கறியில் இவை கிடைக்காது. முட்டை இந்த இனத்தின் உணவே அல்ல. வீட்டு எலி விஷ மருந்தைத் தின்றிருக்கலாம், குடற்புழுக்களோடும் வரலாம்.

இரையை மாற்றும் முன் கூண்டைப் பாருங்கள். புதிதாக வந்த குட்டி சாப்பிடாததற்குப் பெரும்பாலும் கூண்டின் சூடு சரியில்லாததும் பயமும்தான் காரணம். சூடான பக்கத்தின் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27, ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஏசி அறையில் வைத்திருந்தால் இரவு வெப்பநிலையைத் தனியாக அளந்து பாருங்கள். பகலில் சரியாக இருப்பது விடியற்காலையில் சரிந்துவிடும். கண்ணாடியில் ஒட்டும் வட்ட மீட்டரை நம்பாமல், முனையைத் தரையில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஹீட் மேட்டை (சூடேற்றும் விரிப்பு), சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் போடவே கூடாது, வயிற்றுத்தோல் வெந்துவிடும். இரு பக்கமும் உடல் உரசும் அளவுக்கு நெருக்கமான மறைவிடம் ஒவ்வொன்று வேண்டும். பெரிய தொட்டியில் மறைவில்லாமல் விட்டால் குட்டி சுருண்டேதான் கிடக்கும்.

அடுத்தது அளவு. பிங்கி 2 கிராம்தான் தேறும். 85 கிராம் குட்டிக்கு உடல் எடையில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 9 முதல் 13 கிராம் இரை சரி. ரோமம் வந்து துள்ளும் பருவத்துச் சுண்டெலி, அதாவது ஹாப்பர், ஏறக்குறைய அந்த எடையில் இருக்கும். பாம்பின் நடு உடல் தடிமனே மேல் வரம்பு. விற்றவரிடம் இதுவரை எலி கொடுத்தாரா, சுண்டெலியா, உயிருடனா என்று கேளுங்கள். பழகிய இரையிலிருந்து தொடங்குவதுதான் எளிது.

இளக்குவதில்தான் பலர் தவறுகிறார்கள். முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். நம் ஊர் வெயிலில் வெளியே வைத்தால் குடல் முதலில் அழுகும், அதைத் தின்ற பாம்பு கக்கும். மைக்ரோவேவ் உள்ளுறுப்பை வேக வைத்துவிடும், வேண்டாம். கொடுக்கும் முன் ஜிப் கவரில் போட்டுச் சுடுநீரில் மூழ்க வைத்து, தலைப்பகுதி 38 டிகிரியைத் தாண்டும்படி சூடாக்கி, ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். பால் பைதான் மேலுதட்டுக் குழிகளால் சூட்டை உணர்ந்தே தாக்கும். குளிர்ந்த இரை அதற்கு இரையாகவே தெரியாது.

இருட்டிய பிறகு, விளக்கைக் குறைத்து, 30 செ.மீ. இடுக்கியால் இரையின் இடுப்பைப் பிடித்து மறைவிட வாசலில் லேசாக அசையுங்கள். மூக்கில் இடிக்காதீர்கள். பின்வாங்கினால் வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். காலையில் மிச்சம் இருந்தால் எறியுங்கள், திரும்ப உறைய வைக்காதீர்கள். அடுத்த முயற்சி ஏழு நாள் கழித்துத்தான், அதுவரை கையிலும் எடுக்காதீர்கள். தினமும் நீட்டுவது பயத்தைக் கூட்டுமே தவிர பசியைக் கூட்டாது. கண் பால்நிறமானால் சட்டை உரிக்கும்வரை இரையே வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்து இரண்டு மூன்று முறை மறுத்தால், இரையைக் கோழிக்குஞ்சின் தூவியில் உரசிக் கொடுங்கள். மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளில் இளம் ஆண் பாம்புகள் புதரேறிப் பறவைக் குஞ்சுகளைத் தின்பவை, அதனால் அந்த வாசனை சில குட்டிகளைத் தூண்டும். உயிருள்ள இரை கடைசி வழி. அப்போதும் கடிக்க முடியாத சிறு குட்டி மட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்கும்போது மட்டும். வளர்ந்த எலி பாம்பின் கண்ணையும் முதுகையும் கடித்துக் குதறிவிடும். வாயைத் திறந்து ஊட்டுவதை ஊர்வன மருத்துவரிடம் விடுங்கள்.

வாரம் ஒருமுறை சமையல் தராசில் டப்பாவோடு எடை பாருங்கள். 76 கிராமுக்குக் கீழே போனாலோ, வாயில் சளியோ மூச்சில் சத்தமோ தெரிந்தாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சாப்பிட்டதும் 48 மணி நேரம் தொடாதீர்கள். கக்கிவிட்டால் குடல் ஆற 10 முதல் 14 நாள் விட்டு, அடுத்த இரையைப் பாதி அளவாகக் கொடுங்கள். பிறகு 5 முதல் 7 நாளுக்கு ஒரு இரை போதும்.

ஒன்று விட்டுப்போனது: இந்தியாவில் இருந்தால் பால் பைதானை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்திருக்க வேண்டும். அந்தச் சான்றின் நகலை விற்றவரிடம் கேட்டு வாங்கி வையுங்கள்.