கணைய அழற்சி: கத்தி வைக்காமல் தீருமா?

(தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளுக்கு ஒரு குடல்நோய் மருத்துவரின் பதில்கள்)

பாலக்கோடு வாசகர்: என் அண்ணனுக்கு மேல்வயிற்றில் தொடங்கி முதுகு வரை வலி. கணையம் வீங்கியிருக்கிறதாம். ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா?

பெரும்பாலும் சரியாகும். திடீரென வரும் கணைய அழற்சியில் பத்துப் பேருக்கு ஏறக்குறைய எட்டுப் பேர் கத்தியே படாமல் ஒரு வாரத்துக்குள் வீடு திரும்புகிறார்கள். வீக்கத்தை நேரடியாக வற்றவைக்கும் மருந்து எதுவும் கிடையாது. நரம்பு வழியாக ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல், தாராளமாக வலி மருந்து, கண்காணிப்பு: இவ்வளவுதான் சிகிச்சை. முன்பெல்லாம் பாட்டில் பாட்டிலாக ஏற்றுவோம். அளவோடு ஏற்றுவதே நல்லது என்று 2022-இல் வெளியான ‘வாட்டர்ஃபால்’ ஆய்வு காட்டியது. அதிகம் ஏற்றியவர்களுக்கு உடலில் நீர் தேங்கியதுதான் மிச்சம். நாள் கணக்கில் பட்டினி போடுவதும் பழைய வழக்கம். வாந்தி நின்று பசி எடுத்தால் ஓரிரு நாளிலேயே எண்ணெய் குறைந்த இட்லியோ ரசம் சாதமோ கொடுக்கலாம். தொற்று இல்லாதவருக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம்.

மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, பேச்சு குழறினாலோ உள்ளூரில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள். ‘வாயுப் பிடிப்பு’ என்று ஊசி போட்டுக்கொண்டு இரண்டு நாள் கழித்து வருகிறவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

ஊத்தங்கரை வாசகி: பித்தப்பைக் கல்லால் அழற்சி வந்து சரியாகிவிட்டது. பித்தப்பையை எடுக்கச் சொல்கிறார்கள். கல்லைக் கரைக்கச் சூரணம் போதாதா?

போதாது, அம்மா. அறுக்கப்போவது கணையத்தை அல்ல, பித்தப்பையை. கல் இருக்கும்வரை அது இன்னொரு முறை நழுவி வந்து குழாயை அடைக்கலாம். இரண்டாவது தாக்குதல் முதலாவதைப் போல லேசாகத்தான் இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. லேசான அழற்சி என்றால், அதற்காக மருத்துவமனையில் சேர்ந்திருக்கும்போதே லேப்ராஸ்கோப்பி முறையில் எடுத்துவிடுவது நல்லது. பொதுப் பித்தக்குழாயில் கல் சிக்கிக் காய்ச்சலும் காமாலையும் வந்தால் மட்டும், வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டு முதலில் அதை எடுப்பார்கள்.

ஓசூர் வாசகர்: வயது 34. குடிப்பழக்கம் இல்லை, கல்லும் இல்லை. எனக்கு ஏன் வந்தது?

ரத்தத்தில் உள்ள ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பைப் பார்த்தீர்களா? 1,000 மி.கி./டெ.லி.-ஐத் தாண்டினால் அதுவே காரணமாகலாம். அப்படிப்பட்டவரின் ரத்தத்தைக் குழாயில் சிறிது நேரம் நிறுத்திவைத்தால் மேலே பாலேடு போல வெள்ளையாகத் திரளும். பார்த்தவர் மறக்க மாட்டார். சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது, கொழுப்பைக் குறைப்பது, அந்தக் கொழுப்பை இறக்கும் ஃபைப்ரேட் மாத்திரை: இதில் கத்திக்கு வேலையே இல்லை.

பென்னாகரம் வாசகி: கணவருக்கு நாள்பட்ட கணைய நோய். மலம் எண்ணெய்போல் மிதக்கிறது. என்சைம் கேப்ஸ்யூல் பலன் தரவில்லை.

எப்போது விழுங்குகிறார்? காலையில் வெறும் வயிற்றில் என்றால் பணம் வீண். முதல் கவளத்தோடு ஒன்று, சாப்பாட்டின் நடுவே மற்றது. உள்ளே இருக்கும் மணிகளை மென்றாலும் பொடித்தாலும் வயிற்று அமிலம் அவற்றைக் கொன்றுவிடும். பெரிய சாப்பாட்டுக்கு 25,000 முதல் 50,000 லைபேஸ் (கொழுப்பைச் செரிக்கும் என்சைம்) யூனிட்டில் தொடங்குவது வழக்கம். சாதாரணச் செரிமான மாத்திரையில் இதில் ஒரு துளிதான் இருக்கும். கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். சர்க்கரையும் வைட்டமின் டி-யும் பாருங்கள். மது, பீடி இரண்டும் அடியோடு நிற்க வேண்டும்.

அரூர் வாசகர்: தலைமுறை தலைமுறையாக மரவள்ளி போடுகிறோம். அதைத் தின்றால் கணையத்தில் கல் வரும் என்று மருமகன் பயமுறுத்துகிறார்.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கேரளத்தில் இளம் வயதினர் பலருக்கு, குடிப்பழக்கமே இல்லாமல், கணையத்தில் கல்லும் சர்க்கரை நோயும் சேர்ந்து வந்ததை டாக்டர் கீவர்கீஸ் விரிவாகப் பதிவு செய்தார். ஏழைகள், மெலிந்தவர்கள், மரவள்ளியை நம்பி வாழ்ந்தவர்கள். கிழங்கில் லினமரின் என்ற பொருள் உண்டு, அது சயனைடை வெளிவிடும். புரதம் போதாத உடலால் அதை முறிக்க முடியவில்லை என்பது அன்றைய ஊகம். ஆனால் மரவள்ளியே சாப்பிடாத ஊர்களிலும் அதே நோய் இருந்தது. பின்னர் ஸ்பிங்க்-1 என்ற மரபணுவில் மாற்றம் இந்த நோயாளிகள் பலரிடம் கண்டறியப்பட்டது. கிழங்கின் மீதான குற்றச்சாட்டு வலுவிழந்துவிட்டது.

பொம்மிடி வாசகர்: கிழங்குக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள். மரவள்ளித் தழையைத் தின்ற என் ஆடு வாய் நுரைத்து அரை மணியில் செத்தது!

செத்திருக்கும், மறுக்கவில்லை. அது உடனடி சயனைடு நஞ்சு. கணையத்தில் கல் ஆண்டுக்கணக்கில் வளர்வது. ஒன்றைக் காட்டி இன்னொன்றை நிரூபிக்க முடியாது.

அரூர் வாசகர் மீண்டும்: அப்படியானால் பயமில்லாமல் தின்னலாமா?

தோலைச் சீவி, நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கசக்கும் கிழங்கைத் தொடாதீர்கள். கூட ஒரு முட்டையோ பருப்போ இருக்கட்டும். மருமகனிடம் நான் சொன்னதாகச் சொல்லலாம்.

பொம்மிடி வாசகர்: ஜவ்வரிசி ஆலைக்காரர்கள்…

போதும், ஐயா. ஆட்டுக்குக் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

போச்சம்பள்ளி வாசகர்: கணையக் குழாயில் கல். அதிர்வலையால் உடைத்தால் ஆபரேஷன் தேவையில்லையா?

உடைத்துத் துகளை எண்டோஸ்கோப்பியில் எடுக்கலாம். பலருக்கு வலி குறைகிறது. ஆனால் குழாய் விரிந்து, கடும் வலியோடு இருப்பவர்களில், முன்கூட்டியே அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது என்று 2020-இல் வந்த டச்சு ஆய்வு சொல்கிறது. வருடக்கணக்கில் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு குழல்) மாற்றிக்கொண்டே போவதற்கு முன் ஓர் அறுவைச் சிகிச்சை நிபுணரையும் பாருங்கள். கத்திக்குப் பயந்து வலி மாத்திரைக்கு அடிமையானவர்கள் உண்டு.

தேன்கனிக்கோட்டை வாசகர்: பீர் மட்டும்?

கூடாது.

நல்லம்பள்ளி வாசகர்: பண்டிகைக்கு மட்டும்?

கூடாது.

காவேரிப்பட்டணம் வாசகர்: குடியை விட்டுவிட்டேன். பீடி?

மேலே பென்னாகரத்துக்கு எழுதியதைப் படியுங்கள். புகை தனியாகவே கணையத்தைக் கெடுக்கும்.

கிருஷ்ணகிரி வாசகி: மாம்பழம் சாப்பிடலாமா?

கணையத்துக்குத் தடையில்லை. சர்க்கரை வந்திருந்தால் ஒரு துண்டு, அதுவும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்து.