வாசகர் கேள்விகள்: ஆரஞ்சுத் தோலும் எரிபொருளும்

கேள்வி: பழச்சாறு ஆலைகளில் குவியும் ஆரஞ்சுத் தோலையும் சக்கையையும் மரபணு மாற்றிய பாக்டீரியாவைக் கொண்டு எரிபொருளாக்கலாம் என்று படித்தேன். எத்தனால் தயாரிக்க ஈஸ்ட் இருக்கும்போது பாக்டீரியா எதற்கு? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: ஆலைகளில் வழக்கமாகப் பயன்படும் ஈஸ்ட், குளுக்கோஸ், சுக்ரோஸ் போன்ற சர்க்கரைகளை நன்றாக நொதிக்கச் செய்யும். ஆனால் தோலில் உள்ள பெக்டின் என்னும் பசைப்பொருளையும் நாரையும் நொதிகளால் சிதைத்தால் அவற்றுடன் சைலோஸ், அரபினோஸ் என்னும் வேறு சர்க்கரைகளும், பெக்டினிலிருந்து வரும் காலக்டூரானிக் அமிலமும் கிடைக்கின்றன. இவற்றை அந்த ஈஸ்ட் தொடுவதில்லை. குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா இவை எல்லாவற்றையும் உண்ணும் என்றாலும், காற்றில்லாத சூழலில் பெரும்பாலும் அமிலங்களையே வெளியிடும், எத்தனால் சிறிதளவுதான் உண்டாகும்.

இந்தக் குறையை 1987-இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் லோனி இங்க்ரமும் அவருடைய குழுவினரும் தீர்த்தனர். கள்ளிலும் மெக்சிகோவின் புல்கே என்னும் பானத்திலும் காணப்படும் சைமோமோனாஸ் மொபிலிஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து இரண்டு மரபணுக்களை எடுத்து ஈ.கோலைக்குள் புகுத்தினர். ஒன்று, சர்க்கரை சிதையும்போது உண்டாகும் பைருவேட் என்ற பொருளை அசிட்டால்டிஹைடாக மாற்றும் நொதியையும், மற்றொன்று அதை எத்தனாலாக மாற்றும் நொதியையும் உருவாக்குவதால், முன்பு அமிலமாக வெளியேறிய கார்பனின் பெரும்பகுதி எத்தனாலாகிறது. 1991-இல் அமெரிக்கா வழங்கிய 50 லட்சமாவது காப்புரிமை இதற்குத்தான் கிடைத்தது.

1990-களில் இவ்வகை பாக்டீரியாவை ஆரஞ்சுத் தோல் கரைசலிலும் சோதித்தனர்; காலக்டூரானிக் அமிலத்திலிருந்துகூட எத்தனால் வந்தது, உடன் அசிட்டிக் அமிலமும் வந்தது. எனினும், பாக்டீரியாவை உருவாக்கியதைவிட மற்ற வேலைகளே கடினமானவை என்பது என் கருத்து. தோல் எண்ணெயில் உள்ள லிமோனீன் நுண்ணுயிரிகளுக்கு நஞ்சு என்பதால் அதை முதலில் நீராவியால் பிரித்தெடுக்க வேண்டும். சிதைக்கும் நொதிகளுக்கும் செலவாகும். போதாக்குறைக்கு, ஃப்ளோரிடாவில் தோலை உலர்த்தி மாட்டுத்தீவனமாக விற்கும் வழக்கம் நெடுநாளாக இருப்பதால், அதை இலவசக் கழிவு என்று கணக்கிட முடியாது. இதேபோல் எத்தனாலாக்கக்கூடிய இன்னொரு ஆலைக் கழிவான, சீஸ் தயாரிக்கும்போது வடியும் தெளிநீரில் வேறு சிக்கல்: அதில் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை ஏறக்குறைய 5 விழுக்காடுதான் என்பதால், முழுவதும் நொதித்தாலும் 2.5 விழுக்காடு அளவுக்கே எத்தனால் கிடைக்கும், மீதி நீரைப் பிரிக்க எரிபொருள் செலவாகும். அப்படியிருந்தும் அயர்லாந்தின் கார்பெரி நிறுவனம் 1978 முதல் இத்தெளிநீரிலிருந்து எத்தனால் தயாரித்து வருகிறது; ஆனால் அங்கே வேலை செய்வது லாக்டோஸை உண்ணும் ஒருவகை ஈஸ்ட்.

கேள்வி: ஈ.கோலை நோய்க் கிருமி ஆயிற்றே, ஆலையிலிருந்து தப்பிவிட்டால்?

பதில்: ஈ.கோலையில் பெரும்பாலான வகைகள் நோய் உண்டாக்குவதில்லை; தொழிலுக்குத் தேர்ந்தெடுப்பவையும் அத்தகையவையே. மேலும், எத்தனாலை வடிக்கும்போது கொடுக்கும் வெப்பத்தில் அவை மடிந்துவிடும். ஆலை நடத்துபவரின் கவலை வேறு: ஈஸ்ட் அமிலத்தன்மை உள்ள கரைசலிலும் வேலை செய்வதால் பல அயல் பாக்டீரியாக்கள் அங்கே தலைகாட்டுவதில்லை, ஈ.கோலைக்கோ அமிலமும் காரமும் அல்லாத நடுநிலைக்கு அருகிலான கரைசல் தேவைப்படுவதால், வெளியிலிருந்து வரும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் தொட்டிக்குள் புகுந்து சர்க்கரையில் பங்கு கேட்கும்.