டம்மி கையில் நடுங்காத விரல் வார்டில் ஏன் நடுங்குகிறது?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஸ்கில் லேபில் டம்மி கையில் வென்ஃப்ளான் (ட்ரிப் ஏற்றச் செருகும், பிளாஸ்டிக் குழாய் மாட்டிய ஊசி) சரியாகப் போடுகிறேன். வேலூரில் வார்டு போஸ்டிங் போனதும் கை நடுங்குகிறது. இரண்டு முறை வெயின் (ரத்தக் குழாய்) தவறிவிட்டது. என்ன செய்யலாம்? - வாசகி, குடியாத்தம்

பதில்: ரப்பர் கையில் வெயின் நகராது. வயதானவர் கையிலோ ஊசி முனை பட்டதுமே வழுக்கி ஓடும். டம்மி முகம் சுளிக்காது. பக்கத்தில் அதன் மகன் நின்று முறைக்க மாட்டார். லேபில் நீங்கள் பழகியது பாதிதான். பயத்தில் அட்ரினலின் ஏறினால் விரல் நடுங்கும், அடுத்த ஸ்டெப் மறக்கும். இதைத் திறமைக் குறைவு என்று நினைக்காதீர்கள்.

அந்த மீதிப் பாதியை லேபுக்கே கொண்டுவாருங்கள். டம்மி கைக்குப் பின்னால் தோழி ஒருத்தி உட்கார்ந்து, "யம்மா, போன வாட்டி மூணு எடத்துல குத்திட்டாங்க" என்று புலம்பட்டும். இன்னொருத்தி அட்டெண்டராக, அதாவது நோயாளியின் உறவினராக, நின்று கேள்வி கேட்கட்டும். நீங்கள் பதில் சொல்லிக்கொண்டே போடுங்கள். முடிந்ததும் எழுந்து போய்விடாமல், எந்த இடத்தில் கை தடுமாறியது, அப்போது மனசில் என்ன ஓடியது என்று டியூட்டரோடு பேசுங்கள். பத்து நிமிடப் பயிற்சிக்கு இருபது நிமிடம் பேசினாலும் தகும். நேரமில்லை என்று முதலில் வெட்டப்படுவது இந்தப் பேச்சுதான் என்பது வருத்தமான விஷயம்.

வார்டில் டோர்னிகே (வெயின் புடைக்கக் கையில் கட்டும் பட்டை) கட்டும் முன்பே ட்ரேயை முழுதாக அடுக்குங்கள், பிளாஸ்டரைக்கூடக் கிழித்து வையுங்கள். கட்டிய பிறகு தேடினால் பதற்றம் இரட்டிப்பாகும். மெலிந்த வெயினுக்கு நீல நிற 22 சைஸ் வென்ஃப்ளான் போதும். ஸ்பிரிட்டால் 30 விநாடி துடைத்துக் காயவிடுங்கள். அது காயும் நேரம் உங்கள் மூச்சுக்கு: நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். இடது கட்டைவிரலால் தோலைக் கீழே இழுத்துப் பிடித்தால் வெயின் ஓடாது. சுண்டுவிரலை நோயாளியின் கையில் ஊன்றிக்கொண்டால் நடுக்கம் அடங்கும்.

பலரும் தவறுவது ஊசியின் பின்முனையில் ரத்தம் தெரிந்த அந்த நொடியில்தான். ஊசி முனை உள்ளே போயிருக்கும். பிளாஸ்டிக் குழாயின் நுனி இன்னும் வெளியே இருக்கும். அப்போதே ஊசியை உருவினால் வெயின் போச்சு. கோணத்தைத் தாழ்த்தி 2 - 3 மி.மீ. முன்னே நகர்த்திய பிறகே குழாயை மட்டும் தள்ளுங்கள். டோர்னிகேயை அவிழ்த்துவிட்டு ஊசியை உருவுங்கள். உருவியதற்கு மூடி போடாமல் நேராக ஊசிக் கழிவுக்கான வெள்ளை டப்பாவில் போடுங்கள். இரண்டு முறை தவறினால் மூன்றாவதற்குச் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

உங்களுக்கே ஊசி குத்திவிட்டால் பிதுக்க வேண்டாம். சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. திட்டுக்குப் பயந்து மறைப்பதுதான் பெரிய ஆபத்து.

வேலூருக்கு ஆந்திராவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் நோயாளிகள் வருவார்கள். தெலுங்கில் "கொஞ்செம் நொப்பிகா உண்ட்டுந்தி", வங்காளியில் "எக்டு லாக்பே": இரண்டுக்கும் 'கொஞ்சம் வலிக்கும்' என்றே அர்த்தம். இதைச் சொல்லிவிட்டுக் குத்தினால் அவர் கையை இழுப்பது குறையும்.

காலை டியூட்டிக்கு வெறும் காபியோடு பஸ் ஏறாதீர்கள், அதுவே நடுக்கத்தைக் கூட்டும். இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். இரண்டு வாரமாகத் தூக்கம் கெட்டு, போஸ்டிங்கை நினைத்தாலே படபடப்பு வந்தால் கல்லூரி ஆலோசகரிடம் பேசுங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள். இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.