வெயில் பட்டதும் இறுகும் ரெசின்

கேள்வி: டர்பன் கடற்கரையில் அலைச்சறுக்குப் பலகைகளைப் பழுதுபார்க்கும் என் மகன், உடைந்த இடத்தில் ரெசின் என்னும் பிசின் போன்ற திரவத்தை நிழலில் வைத்தே பூசுகிறான். பிறகு பலகையை வெயிலில் வைத்தால் சில நிமிடங்களில் அது கல்லாகிவிடுகிறது. முன்பெல்லாம் இறுகவைக்கும் ஹார்டனரைக் கலந்துவிட்டு அவசர அவசரமாகப் பூசுவான். வெயில் அந்த ரெசினை என்னதான் செய்கிறது? அடியில் கெட்டியான பிறகும் மேற்பரப்பு மட்டும் பிசுபிசுப்பது ஏன்?
– வாசகி, மெரிபேங்க்

பதில்: வெயிலின் சூட்டில் ரெசின் காய்ந்துவிடுவதாகப் பலரும் எண்ணுகிறார்கள். கொடியில் போட்ட துணியிலிருந்து நீர் ஆவியாகி வெளியேறுவது போன்ற வேலை இங்கே நடப்பதில்லை. ரெசினில் உள்ள சிறு மூலக்கூறுகளே ஒன்றோடொன்று பிணைந்து நீண்ட சங்கிலிகளாகி, அச்சங்கிலிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துக்கொண்டு வலையாக மாறுகின்றன. இதையே பலபடியாக்கல் என்கிறோம். பாலியெஸ்டர் ரெசின் டப்பாவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி ஸ்டைரீன் என்னும் திரவத்தினுடையது. அதன் பெரும்பகுதி சங்கிலிகளுக்கிடையே பாலமாக நின்று வலைக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

இந்தப் பிணைப்பு தானாகத் தொடங்காது, அதைத் தொடங்கி வைக்க ஒரு பொருள் வேண்டும். உங்கள் மகன் முன்பு கலந்த ஹார்டனர் ஒரு பெராக்சைடு; கலந்த கணத்திலிருந்தே அது சிதையத் தொடங்கிவிடுவதால்தான் அத்தனை அவசரம். வெயில் ரெசினில் அதற்குப் பதிலாக ஒளித்தூண்டி ஒன்றைச் சிறிதளவு சேர்த்திருப்பார்கள். அது புற ஊதாக்கதிரை உறிஞ்சியதும் இரண்டாக உடைகிறது. உடைந்த துண்டில் இணையில்லாத எலக்ட்ரான் ஒன்று இருப்பதால், அது அருகிலுள்ள மூலக்கூறைப் பற்றிக்கொள்ள, அந்த மூலக்கூறு அடுத்ததைப் பற்ற, ஒரே துண்டு தொடங்கி வைக்கும் சங்கிலி நூற்றுக்கணக்கில் நீள்கிறது. எப்போது தொடங்கவேண்டும், எந்த இடத்தில் இறுகவேண்டும் என்பதைப் பூசுகிறவரே தீர்மானிக்கலாம் என்பதுதான், என் மதிப்பீட்டில், இந்த முறையின் முதன்மையான பயன்.

பிசுபிசுப்புக்குக் காரணம் காற்றிலுள்ள ஆக்சிஜன். மேற்பரப்பில் உருவாகும் அந்தத் துண்டுகளோடு ஆக்சிஜன் முந்திக்கொண்டு சேர்ந்து அவற்றின் வேகத்தைக் கெடுத்துவிடுவதால், மேலே ஒரு மெல்லிய படலம் மட்டும் இறுகாமல் நிற்கிறது. இன்னொரு பூச்சு பூசப் போகிறீர்கள் என்றால் அதைத் துடைக்க வேண்டாம், அடுத்த பூச்சு அதனோடுதான் நன்றாகப் பிணையும். கடைசிப் பூச்சாக இருந்தால் தெளிவான பிளாஸ்டிக் தாளைக் குமிழி இல்லாமல் ஒட்டி வெயிலில் காட்டலாம். அல்லது மெழுகு கலந்த ரெசினைப் பயன்படுத்தலாம், இறுகும்போது அந்த மெழுகு மேலே வந்து காற்றைத் தடுத்துக்கொள்ளும். கண்ணாடி இழைத்துணி ரெசினில் நனைந்ததும் தெளிவாகிவிடுவதால் ஒளி அடிவரை செல்கிறது. கார்பன் இழைத்துணியின் அடியில் ஒளி எட்டாது. அங்கே பழைய ஹார்டனர்தான் கைகொடுக்கும். (பலகையின் உள்ளே இருப்பது பாலிஸ்டைரீன் நுரையா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால் பாலியெஸ்டர் ரெசின் அதைக் கரைத்தே விடும்.)

கேள்வி: எனக்குப் பல் அடைத்த மருத்துவர் ஒரே குழியை இரண்டு மூன்று தடவையாக அடைத்து, ஒவ்வொரு தடவையும் நீல விளக்கைக் காட்டினார். ஒரேயடியாக முடித்திருக்கக் கூடாதா?
– வாசகர், டோங்காட்

பதில்: அவர் செய்தது சரியே. பல் அடைக்கும் பசையில் கற்பூரத்திலிருந்து தயாரிக்கப்படும் கேம்ஃபர்குவினோன் என்ற மஞ்சள் நிறப் பொருள் ஒளித்தூண்டியாக இருக்கிறது. அது ஏறத்தாழ 470 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை நன்றாக உறிஞ்சுவதால், புற ஊதாக்கதிரை வாயில் காட்டவேண்டிய தேவை இல்லாமல் போனது. ஆனால் நீல ஒளி பசைக்குள் ஆழமாகச் செல்லாது. வழக்கமான பசையை 2 மில்லிமீட்டருக்கு மேல் கனமாக வைத்தால் அடிப்பகுதி சரியாக இறுகாமல் மென்மையாகவே நின்றுவிடக்கூடும். இறுகும்போது பசை 2 முதல் 3 விழுக்காடு வரை சுருங்குவதும் உண்டு. படலம் படலமாக வைப்பது அச்சுருக்கத்தின் இழுப்பையும் ஓரளவு தணிக்கும் என்பது பல மருத்துவர்களின் கருத்து. விளக்கோடு பயன்படுத்தும் ஆரஞ்சு நிறத் தடுப்புக் கண்ணாடி அந்த நீல ஒளியிலிருந்து கண்ணைக் காப்பதற்காக.

கேள்வி: ஒளியால் இறுகவைப்பது அண்மைக்காலக் கண்டுபிடிப்பா?
– மாணவர், ஃபீனிக்ஸ்

பதில்: இல்லை. வெயில் பட்ட இடத்தில் நிலக்கீல் இறுகுவதைக் கொண்டுதான் 1820களில் பிரான்சின் நியெப்ஸ் தம் முதல் ஒளிப்படங்களை எடுத்தார். இறுகாத பகுதியை லாவெண்டர் எண்ணெயால் கழுவி நீக்கினார். மேசைப் பரப்புகளின் பூச்சைப் புற ஊதா விளக்கால் இறுக்கும் தொழிலில் இருந்த அமெரிக்கர் சக் ஹல், அதே வித்தையைப் படலத்தின்மேல் படலமாக அடுக்கி 1983இல் ஒரு பொருளை உருவாக்கினார்; 1986இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. முப்பரிமாண அச்சு அங்கிருந்துதான் தொடங்கியது. நம் மாகாணத்தின் ம்துன்சினியில் கரையேறும் கடலடி கேபிள்களுக்குள் ஓடும் கண்ணாடி இழைகளுக்கும் இதே முறையில்தான் பூச்சு இடப்படுகிறது. 125 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள இழை உலையிலிருந்து விரைந்து இறங்கும்போதே அதன்மேல் அக்ரிலேட் என்னும் ரெசின் பூசப்பட்டு, சுருளில் சுற்றப்படுவதற்குள் இறுகியாக வேண்டும். ஒரு விநாடியிலும் மிகக் குறைந்த அந்த நேரத்துக்குள் புற ஊதா ஒளி அதை முடித்துவிடுகிறது.